பலகைக்கு முப்பது சொல்

கொம்பனித்தெருக் கந்தோரின் மூன்றாம் மாடி.
பேர வாவியின் நாற்றம் யன்னலால் ஏறிவந்து
என் கோப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
ஓர் அருவிக்குப் பெயர்ப்பலகை,
மும்மொழியிலும்.
மொழிக்கு முப்பது சொல்; அதற்கு மேல் தகரம் இல்லை.

சுனேத்ரா நேற்றே முடித்துவிட்டாள்.
சிவுர எல்ல.
காட்டில் தனித்திருந்த தேரர் ஒருவர்
துவராடை தோய்க்கத் தண்ணீர் தேடிக் கிடைக்காமல்
வெறும் பாறையில் விரித்துவிட்டுப் படுத்தாராம்.
விடியும்போது மடிப்புகள் ஓடத் தொடங்கியிருந்தனவாம்.
"மழைக்கு மண் கரைந்து வரும்போது பார்,
அப்படியே காவி" என்கிறாள்.

ஆங்கிலத்துக்குக் கதை தேவைப்படவில்லை.
ஏதோ ஒரு துரை,
அவன் துரைசானியின் முகத்திரை.

என் பங்கு கூந்தல்.
மன்னாரில் இறங்கிக் காடு நடந்து
மலையேறிய கூட்டம் ஒன்று
அம்மனை முறத்தில் வைத்துச் சுமந்து வந்தது.
வழியில் விழுந்தவர்கள் போக
மிச்சப்பேர் இந்தப் பாறையடியில் நாவரண்டு கிடந்தபோது
முறம் அசைந்ததாம்.
அவள் கொண்டையை அவிழ்த்துத் தலையை உலுக்கினாளாம்.
முடியவிழ்த்தாள் அருவி.
எழுதி எண்ணினேன்: முப்பத்தொன்பது.

எதை வெட்ட?
மன்னாரை வெட்டினால் நடை போய்விடும்.
முறத்தை வெட்டினால்
அம்மன் வெள்ளித்தேரில் வந்தவளாகிவிடுவாள்.
வழியில் விழுந்தவர்களை வெட்டலாம்,
ஏற்கெனவே கணக்கில் இல்லாதவர்கள்
என்று நினைத்த பேனையை
மூடி வைத்தேன் சற்று நேரம்.

பெயரின் எழுத்தைச் சரிபார்க்க ஒரு கோல்.
அருவிக்கு எதிரே வடைக்கடை, மருதவீரன்.
"நாங்க பேரு சொல்றதில்ல மிஸ்.
தெறக்குற நேரம்னுதான் சொல்லுவோம்."
"என்ன திறக்கிற நேரம்?"
"மேல அணை கட்டி ஒம்பது வருசமாச்சே.
ஞாயித்துக்கெழம பத்துக்குத் தெறப்பாங்க,
ஒரு மணிக்கு மூடிருவாங்க.
வேனெல்லாம் அப்பதான் வரும், வடையும் அப்பதான்.
மத்த நாள்ல கல்லுதான்.
ஆடித் திருவிழாவுக்கு ஒரு மணித்தியாலம்
கூடத் தரச்சொல்லி மனுக் குடுத்தோம்.
தமிழ்ல குடுத்தோம். சிங்களத்துல பதில் வந்திருக்கு.
வாசிச்சுச் சொல்றீங்களா?"

வாட்ஸ்அப்பில் வந்தது, மூலையில் எண்ணெய்க் கறையோடு.
நீரோட்ட நேரத்தை நீட்டிப்பது குறித்துத்
தீர்மானிப்பவர்கள் கொழும்பில் உள்ளனர்.
அவ்வளவுதான். கீழே விளங்காத கையொப்பம்.
சொன்னேன்.
"நீங்களும் கொழும்புதானே மிஸ்"
என்றது மறுமுனை,
குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

தலைக்கு மேல் இரண்டு குழல் விளக்கு,
ஒன்று எப்போதும்போல் துடித்துக்கொண்டு.
மின்விசிறி. சுனேத்ராவின் கேத்தல்.
ஆளில்லாமல் ஏழாம் மாடிக்குப் போய்வரும் லிப்ட்.
இழை இழையாய்ப் பிரிந்து
கோபுரம் கோபுரமாய் மலையிறங்கி
அவள் முடி வந்து சேர்ந்த இடம் இது.
வெளியே கம்பியில் ஒரு காகம்,
ஈரமில்லை என்பதுபோல் அலகைத் துடைக்கிறது.

நான் எழுந்துபோய் ஒரு சுவிட்சை அணைத்தேன்.
"ஏன்?"
சொன்னேன்.
அவள் தன் முப்பது சொல்லையும் திரும்ப வாசித்தாள்.
"அப்படியென்றால் சிவுரவும்
ஒரு மணிக்கு மூடுமா?"
பிறகு கேத்தலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
வெள்ளைத்தாள் எடுத்தாள்.
அந்த மனுவைச் சிங்களத்தில் எழுதினோம்,
பிழை பார்த்து, தேதி போட்டு.
ஆடி என்று நான் சொன்ன வரிக்குக் கீழே
போயாவுக்கும் என்று அவள் சேர்த்தாள்.

பலகை மாலைக்குள் போகவேண்டும்.
அங்கே ஒன்று இங்கே ஒன்றாய் வெட்டி
முப்பத்தொன்றுக்குக் கொண்டுவந்தேன்.
விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.
முறம் இருக்கிறது.
கடைசியில் அடித்த சொல்
அருவி.